நிரந்தரப் பாதுகாப்பு

டோவுகோபே வட்டார நினைவு நூலகத்தில் யாய்ரா பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், புத்தகங்களை அவளுக்குத் தூரத்திலிருந்து காட்டினார்கள். கம்பி வலைக்குப் பின்னால் அலமாரிகள் நின்றன. அலமாரிகளின் மேல் துணி போர்த்தியிருந்தது. துணிக்குள் புத்தகங்கள் இருப்பதாகத் தலைமை நூலகர் அமெனுவோர் சொன்னார்.

"இன்னிக்கு இது போதும்மா. ஒரேயடியாப் பாத்தா கண்ணு பழகிடும். கண்ணு பழகினா கை நீளும்."

அது 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம். கடலுக்கும் காயலுக்கும் நடுவே நாடா மாதிரி கிடக்கும் அந்த ஊரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். அமெனுவோர் மட்டும் கோட்டு போட்டு, அதன் பொத்தான்களையும் மாட்டியிருந்தார். யாய்ரா ஹோ நகரத்து லாரி டிரைவரின் மகள். தலைநகர் அக்ராவில் நூலகப் படிப்பு இரண்டாம் ஆண்டு. ஆறு வாரப் பயிற்சி முடிந்ததும் அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த நூலகத்தின் முத்திரை விழவேண்டும். விழாவிட்டால் அந்த வருடத்தை மறுபடி படிக்கவேண்டும்.

அமெனுவோர் அவளை உட்கார வைத்துக் கடமைகளை விளக்கினார்.

"நூலகத்துக்கு எதிரி யாரு, சொல்லு?"

"கரையான், சார்."

"அது ரெண்டாவது."

"ஈரம்?"

"மூணாவது. முதல் எதிரி வாசகர். கரையான் ஒரு புத்தகத்தைத் தின்ன மூணு வருஷம் ஆகும். வாசகர் ஒரு மத்தியானத்துல முதுகை ஒடிச்சிடுவாரு. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவாரு. நான் பொறுப்பெடுத்து பதிமூணு வருஷம் ஆச்சு. இங்க ஒரு வாசகரால ஒரு புத்தகத்துக்குக்கூடச் சேதம் வந்ததில்ல."

"எப்படி சார் அது?"

"குடுக்கலையே," என்றார் அமெனுவோர் அடக்கமாக.

வாசிப்பறை பெரியது. இருபத்து நான்கு நாற்காலிகள், தேய்மானம் ஆகாதபடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. வருகிறவர்கள் உட்கார வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு.

அந்தப் பெஞ்சில் முதல் நாளிலிருந்தே ஒரு பெண்ணைப் பார்த்தாள் யாய்ரா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். விரல் நகங்களில் வெங்காயப் பாத்தியின் சாம்பல் மண். செவ்வாயும் வெள்ளியும் வருவாள், மத்தியானம் வரை இருப்பாள், போவாள். யாரும் அவளை என்ன என்று கேட்கவில்லை. அவளும் சண்டை போடவில்லை. காவலாளியிடம் மட்டும் போகும்போது, "இன்னிக்கும் உள்ள எல்லாரும் சுகந்தானே? புத்தகம் எதுக்கும் சளி கிளி பிடிக்கலையே?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

முதல் இரண்டு வாரம் யாய்ராவைப் பட்டியல் பிரிவில் விட்டார்கள். அந்தப் பிரிவு மேடம் எஸினாம் ஒருவர்தான். இருபத்தாறு வருட சர்வீஸ். சிறிய, வறண்ட பெண்மணி. பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் அட்டைகளைப் பார்த்துப் பேசுவார்.

புத்தகத்துக்கு அட்டை எழுதும்போது அதன் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும். அதற்கென்று ஒரு மர ஸ்கேல் இருந்தது. அதன் முதல் இரண்டு சென்டிமீட்டர் 1971இல் உடைந்துபோயிற்று. அன்றிலிருந்து அங்கே பதிவான எல்லாப் புத்தகமும் அட்டையில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தது. யாய்ரா பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்தாள்.

"உள்ள வை," என்றார் எஸினாம்.

"இது சரியான அளவு மேடம்."

"அதனாலதான் சொல்றேன். நீ சரியா அளந்தா இருபத்திரண்டு வருஷத்துப் புத்தகம் அத்தனையும் பொய்யாயிடும். ஒரு புத்தகத்துக்காக நாலாயிரம் புத்தகத்த அவமானப்படுத்துவியா?"

யாய்ரா உடைந்த ஸ்கேலால் அளந்தாள். குறிப்பேட்டில், 'அளவீட்டில் ஒருமைப்பாடு கற்றேன்' என்று எழுதினாள்.

இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை அவள் பெஞ்சுக்காரியிடம் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க என்ன புத்தகம் கேட்டு வர்றீங்க?"

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாரு, ரெண்டு வருஷத்துல கேட்ட மொத ஆளு நீதான். நீ புதுசா? சரி, சரி. போகப் போகச் சரியாயிடுவ."

அவள் பெயர் அக்பெனே. காயல் ஓரத்தில் பதினான்கு வெங்காயப் பாத்திகள் அவள் குடும்பத்துடையவை. இப்போது ஒரு உப்புக் கம்பெனி அந்தக் கரை முழுவதும் ஊர்த் தலைவரிடம் குத்தகை எடுத்திருப்பதாகக் காகிதம் காட்டுகிறது. அக்பெனேயிடம் காகிதம் இல்லை. ஆனால் ஒரு தீர்ப்பு இருந்தது. 1934இல் அவள் அப்பாவின் அத்தை அப்லாவி இதே பாத்திகளுக்காக வழக்காடி ஜெயித்திருந்தாள். அப்போது தலைவரின் நீதிமன்றத்தில் தீர்ப்புகளை ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் புத்தகம் இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள் அக்பெனே. லாரியிலிருந்து இறக்கி உள்ளே தூக்கிப் போனவர்களில் அவள் கணவனும் ஒருவன்.

"மாவட்டக் கோர்ட்டுல ஆகஸ்ட் பத்தாந்தேதி கடைசி விசாரணை. ஜட்ஜையா சொல்லிட்டாரு, அந்தப் பக்கத்தக் காட்டினா போதும்னு. அந்த ஒரு பக்கந்தான் தங்கச்சி. மிச்சத்த அவங்களே வச்சுக்கட்டும், ஊறுகா போட்டுக்கட்டும்."

யாய்ரா உள்ளே போய் எஸினாமிடம் கேட்டாள்.

"அது இன்னும் புத்தகம் ஆகல," என்றார் எஸினாம்.

"அப்படின்னா?"

"எண் இல்ல. எண் இல்லாதது அட்டையில வராது. அட்டையில வராதத வாசகர் கேக்க முடியாது. கேக்க முடியாதத நாம இல்லன்னும் சொல்ல முடியாது. அதான் அந்தம்மாவுக்கு யாரும் பதில் சொல்றதில்ல."

"எண் குடுத்துடலாமே மேடம்?"

எண் கொடுக்க, புத்தகம் எதைப் பற்றியது என்று முடிவாக வேண்டும். அதற்கு மூவர் கொண்ட பொருள் நிர்ணயக் குழு உண்டு. 1982இல் குழு கூடியது. ஒருவர் அது சட்டம் என்றார். இன்னொருவர், எண்பது பக்கத்துக்கு மேல் வெங்காயம் வருவதால் வேளாண்மை என்றார். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு 1985இல் இறந்துபோனார்.

"வேற ஆளப் போடலையா?"

"அவர் கருத்துக்காகக் காத்திருக்கோம்னு நடவடிக்கைக் குறிப்புல இருக்கு," என்றார் எஸினாம். சற்று நேரம் கழித்து இழுப்பறையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பழுப்பேறிப் போயிருந்தது. அந்தத் தீர்ப்புப் புத்தகத்துக்கான அட்டை. பதினோரு வருடத்துக்கு முன்பே தட்டச்சு செய்து, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"நானும் ஒரு காலத்துல பயிற்சிக்கு வந்தவதான்," என்றார். அட்டையை மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

மூன்றாம் வாரம் யாய்ராவைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் தலைவர் டொட்ஸே குண்டான, உற்சாகமான மனிதர். எதையும் ஒட்டுவார், சீல் வைப்பார், பொட்டலம் கட்டுவார். நூலகத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை இருந்தது. அது அழுக்காகாமல் இருக்க அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

சேமிப்பறையின் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். குளிர்சாதன எந்திரத்தின் குளிர்ச்சி வெளியே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. எந்திரம் 1986இல் நின்றுவிட்டது. ஆனால் சொத்துப் பதிவேட்டில் அது இயங்கிக்கொண்டிருந்ததால் ஜன்னலைத் திறக்க அனுமதி இல்லை. உள்ளே சுவரிலிருந்து நீர் வழிந்தது. ஊறிய காகிதத்தின் வாடை தொண்டையை அடைத்தது.

தினமும் காலையில் வெப்பநிலையைப் படிவத்தில் எழுதுவது யாய்ராவின் வேலை. வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. அவள் 33 என்று எழுதினாள். டொட்ஸே வந்து பார்த்துப் பதறிப்போனார்.

"என்னம்மா இது? பதினெட்டுன்னு அச்சடிச்சே வந்திருக்கில்ல? பக்கத்துல கையெழுத்துதான் போடணும்."

"முப்பத்து மூணு இருக்கே சார்."

"அது வெப்பமானிக்குத் தெரிஞ்சது. படிவம் அக்ராவிலிருந்து வந்தது. எது பெருசு?"

மறுநாள் ஒரு வேளாண்மைப் புத்தகத்தைத் தூசி தட்டினாள். கையில் பஞ்சுபோல எடையில்லாமல் இருந்தது. விரித்தால் அட்டை மட்டும். உள்ளே கரையான் கட்டிய மண்ணும் காகிதப் பொடியும். பக்கத்துப் புத்தகமும் அப்படியே. அந்த வரிசை முழுவதுமே அப்படி. அவள் டொட்ஸேயைக் கூப்பிட்டாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "அட்டை இருக்கா?"

"இருக்கு."

"முதுகுல எண் இருக்கா?"

"இருக்கு சார், ஆனா உள்ள..."

"உள்ள பாக்கறது வாசகர் வேலை. நமக்கு எண்ணிக்கை குறையல. குறையற வரைக்கும் இழப்பு இல்ல. அடுக்கி வை. மெதுவா. அழுத்தாத."

யாய்ரா அன்று தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்குள் போய் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து குறிப்பேட்டில், 'இழப்புக் கணக்கெடுப்பு முறை கற்றேன்' என்று எழுதினாள். அவள் கோழையல்ல. ஆனால் அவள் அப்பா ஹோவிலிருந்து அக்ராவுக்கு எத்தனை நடை சரக்கு ஓட்டி அவளைப் படிக்க வைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

நான்காம் வாரத் தொடக்கத்தில் டொட்ஸே ஒரு பெரிய பிளாஸ்டிக் பொட்டலத்தை அவள் முன் வைத்தார். உள்ளே அந்தத் தீர்ப்புப் புத்தகம். எப்போதோ காற்றுப் புகாமல் கட்டி வைத்ததால் தப்பித்திருந்தது. கரையான் தொடவில்லை. ஓரங்களில் மட்டும் ஈரக் கறை.

"நிலை அறிக்கை எழுதணும். பக்கத்த எண்ணு. எண்ணறதுதான், ஞாபகம் வச்சுக்க. வாசிக்க அனுமதி கிடையாது. எண்ணும்போது கண்ணு மேல் மூலையில இருக்கணும்."

அவர் கையுறையின் உறையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். யாய்ரா கொஞ்ச நேரம் மேல் மூலையைப் பார்த்துத்தான் எண்ணினாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் கண் கீழே இறங்கியது. நீல மையில் சாய்ந்த கையெழுத்து. 'வாதி: அப்லாவி, விதவை.' பத்து நிமிடத்தில் பக்கம் முழுவதையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவசரத்தில் ஓர் இடத்தில் மை தெறித்தது. பிறகு முன்னூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணி முடித்தாள்.

மறுநாள் வெளிவாசலில் வாதாம் மரத்தடியில் நின்று அக்பெனேவுக்கு அதை வாசித்துக் காட்டினாள். அக்பெனே இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை பேரு இருக்கா? எங்க, இன்னொரு தரம் அந்த எடத்தச் சொல்லு."

யாய்ரா வாசித்தாள்.

"விதவைன்னு போட்டிருக்கானா? ஆமா, அப்பத்தான் மாமா கடலோட போயிருந்தாரு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இப்ப இதுக்கு ஒரு முத்திரை வேணும். அவ்ளோதானே? இந்த வீட்டுல முத்திரைக்கா பஞ்சம்?"

யாய்ராவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றே நிலை அறிக்கையைத் திருத்தமாக எழுதினாள். புத்தகம் நல்ல நிலையில் உள்ளது. ஒரு வாசகர் நீதிமன்றத் தேவைக்காக இதை மிக அவசரமாகக் கேட்கிறார். ஆகவே உடனே எண் வழங்கிப் பார்வைக்கு வைப்பது நல்லது என்று குறிப்பிட்டுத் தலைமை நூலகரிடம் கொடுத்தாள்.

அமெனுவோர் அதை இரண்டு முறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பதிமூணு வருஷத்துல இப்படி ஒரு அறிக்கை எனக்கு வந்ததில்லம்மா. இவ்வளவு பெரிய ஆபத்த நீ ஒருத்திதான் கண்டுபிடிச்சிருக்க."

"ஆபத்தா சார்?"

"வாசகர் இருக்காருங்கற. அவசரம்ங்கற. நல்ல நிலைமையில வேற இருக்குங்கற." எழுந்து நின்றார். "டொட்ஸேயக் கூப்பிடு."

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை யாய்ரா வேலைக்கு வந்தபோது பின்கட்டில் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தது. மீன்வளத் துறை படகு ஓட்டைகளை அடைக்க வாங்கி மிச்சம் வைத்திருந்த பிசின் டின்கள் திறந்து கிடந்தன. டொட்ஸே அக்ப்லே களி கிண்டும் பெரிய அலுமினியச் சட்டியில் பிசினைக் கட்டையால் கலக்கிக்கொண்டிருந்தார். மரப்பெட்டி ஒன்றில் தீர்ப்புப் புத்தகம் மூடிய வாக்கில் படுத்திருந்தது. பாதி மூழ்கியாகிவிட்டது.

"சார்! நிறுத்துங்க சார்! என்ன பண்றீங்க?"

"நிரந்தரப் பாதுகாப்பு," என்றார் டொட்ஸே வியர்வையோடு. "தள்ளி நில்லு, தலைமுடி விழுந்துடும். சாயங்காலத்துக்குள்ள கல்லாயிடும். கண்ணாடிக் கல்லு. உள்ள இருக்கறது நாலா பக்கமும் தெரியும். கரையான் வரட்டும், வெள்ளம் வரட்டும், கடலே எழுந்து வரட்டும்."

"அதத் திறக்கணும் சார்! பத்தாந்தேதி கோர்ட்டு!"

"திறக்க முடிஞ்சா அது நிரந்தரமா?" என்று கேட்டார் அவர். நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. யாய்ரா பெட்டிக்குள் கையை விட்டாள். பிசின் சுட்டது. புத்தகத்தின் மேலட்டை விரல்களில் வழுக்கியது. டொட்ஸேயும் காவலாளியும் அவளைப் பிடித்து இழுத்தார்கள். வலது கையின் மூன்று விரல்களில் தோல் உரிந்துபோயிற்று. எஸினாம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

அந்தக் கல்லைத் திறந்துவைக்க ஆகஸ்ட் மூன்றாம் தேதி துணை அமைச்சர் ஒருவர் வந்தார். சங்கிலி அவிழ்த்து நாற்காலிகள் போட்டார்கள். பிசின் இறுகித் தேன் நிறத்தில் இருந்தது. புத்தகம் அதற்குள் ஒரு வண்டைப் போலக் கிடந்தது. அமெனுவோர் பேசினார்.

"பெருமதிப்புக்குரிய துணை அமைச்சர் அவர்களே! ஒரு சமுதாயம் தன் நினைவை இழந்தால் அது எதை இழக்கிறது? எல்லாவற்றையும்! அதனால்தான் நம் நினைவை, யார் நினைத்தாலும் எடுக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறோம். நம் முன்னோர் இதில் எழுதியதை நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன்!"

பலத்த கைதட்டல். வாசற்பக்கம் நின்றிருந்த அக்பெனே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஐயா, பெரியவரே. நூத்திப் பதினெட்டாம் பக்கத்த மட்டும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

துணை அமைச்சர் டொட்ஸேயைப் பார்த்தார். டொட்ஸே, "உடைக்கலாங்கய்யா. உடைச்சா அதுவும் சேந்து சில்லுசில்லாத்தான் வரும்," என்று பணிவாகச் சொன்னார்.

"கேட்டீர்களா?" என்றார் அமைச்சர் கூட்டத்தைப் பார்த்து. "இதல்லவா உறுதி!" மறுபடி கைதட்டினார்கள். காவலாளி அக்பெனேயின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனான். போகும்போது அவள், "செத்தவங்களக்கூட முகத்தப் பாக்க விட்டுட்டுத்தானய்யா மூடுவாங்க," என்றாள்.

ஒரே வழி மிச்சமிருந்தது. மறுநாள் யாய்ரா கட்டுப்போட்ட கையோடு அமெனுவோர் அறைக்குப் போய்க் குறிப்பேட்டை அவர் முன் விரித்துவைத்தாள்.

"சார், இது நூத்திப் பதினெட்டாம் பக்கத்து நகல். அசலப் பாத்து எழுதினேன். உண்மை நகல்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அந்தம்மா பொழச்சுக்குவாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். அந்தப் புத்தகத்திலிருந்து அவர் படித்த முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா உண்மை நகல்னு சொல்லணும்னா அசலோட ஒப்பிட்டுப் பாக்கணுமே."

"அசல்தான் பிசின்ல இருக்கே சார்."

"அதான். ஒப்பிட்டுப் பாக்காம கையெழுத்துப் போட நான் என்ன பொறுப்பு இல்லாதவனா?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு தணிந்த குரலில், "நீ இத வாசிச்சதே தப்பு. சின்னப் பொண்ணு, நான் பெருசு பண்ணல. இந்தப் பக்கத்தக் கிழிச்சு என்கிட்ட குடுத்துடு. கடைசிப் பக்கத்துல முத்திரை போட்டு, 'மிகச் சிறப்பு'ன்னு எழுதித் தர்றேன். இந்த நூலகத்துல இதுவரைக்கும் யாருக்கும் அப்படி எழுதினதில்ல."

முத்திரையை எடுத்து மைப் பஞ்சில் ஒற்றிக்கொண்டு காத்திருந்தார். யாய்ரா அதைப் பார்த்தாள். அப்பாவின் லாரி நினைவுக்கு வந்தது. வருடம் முழுவதும் மறுபடி என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தும் விட்டாள். கட்டுப்போட்ட விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. இடது கையால் பிடித்திருக்கலாம். அவள் குறிப்பேட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

"வர்றேன் சார்."

"முத்திரை இல்லாம உனக்கு இங்க வந்ததுக்கே சாட்சி இல்லம்மா," என்றார் அமெனுவோர் பின்னாலிருந்து.

பத்தாம் தேதி மாவட்ட நீதிமன்றத்தில் மழை ஒழுகியது. நீதிபதி தளர்ந்துபோன, மோசமில்லாத மனிதர். யாய்ராவின் குறிப்பேட்டை வாங்கிப் படித்தார்.

"நல்ல கையெழுத்தும்மா. ஆனா இது உன்னோட கையெழுத்து. 1934ல எழுதினவரோடது இல்ல."

கம்பெனியின் வக்கீல் அமெனுவோரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்.

"அந்தத் தீர்ப்புப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கிறது. மிகச் சிறந்த நிலையில்."

"அதில் என்ன இருக்கு?"

"முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்."

"இந்த வழக்கு சம்பந்தமா ஏதாவது?"

"அதைச் சொல்ல அதைப் படித்திருக்க வேண்டும். நான் ஒரு நூலகர்."

"இந்த மாணவி?"

"பக்கம் எண்ண அனுமதித்தோம். அவர் வாசித்ததாகச் சொன்னால், விதிமீறலை ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். ஒரு விதியை மீறியவர் சொல்வதை எந்த அளவு நம்பலாம் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்."

அக்பெனே எழுந்து, "ஜட்ஜையா, அந்தக் கல்ல இங்க கொண்டாரச் சொல்லுங்க. உங்க சுத்தியால ஒரு போடு போடுங்க," என்றாள். சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவர் குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'ஆவணம் எதுவும் முன்வைக்கப்படாத நிலையில்...' என்று சொல்லத் தொடங்கினார்.

பாத்திகளைக் காலி செய்யப் பதினைந்து நாள் கெடு கொடுத்தார்கள். வெங்காயம் முற்ற இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. கடைசி நாள் யாய்ரா பாத்திக்குப் போனாள். அக்பெனேயும் அவள் மூன்று பெண்களும் இரண்டு மருமகன்களும் குனிந்து பிஞ்சு வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். யாய்ராவும் இடது கையால் பிடுங்கினாள். வடக்கு ஓரத்தில் கம்பெனியின் நில அளவைக்காரர் தனியாக, முளைக்குச்சிகளும் சுத்தியலும் வரைபடமுமாக அளந்துகொண்டே வந்தார். அவர் யாரையும் விரட்டவில்லை. "நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் என் வேலையப் பாக்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அக்பெனே நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அந்த நோட்டு இருக்கா? இதுங்க ஒண்ணுகூட அத முழுசாக் கேட்டதில்ல. ஒரு தரம் வாசிச்சுடு. இந்த மண்ணு மேல நின்னு வாசி."

பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். யாய்ரா வாசித்தாள். வாதி அப்லாவி, விதவை. பிரதிவாதி அவள் கணவனின் தம்பி. சாட்சிகள் நால்வர். பிறகு எல்லை வந்தது. "காயல் பாதையில் புதைத்த வெள்ளைக் கல்லிலிருந்து தெற்கே நாற்பத்திரண்டு தப்படி. அங்கிருந்து கிழக்கே பதினான்கு பாத்தி. இவை அப்லாவிக்கும் அவள் குடும்பத்தில் பின்னால் வருகிறவர்களுக்கும். இதை இனி எவரும் கேள்வி கேட்கலாகாது."

"வெள்ளக் கல்லா?" என்றாள் நடுப்பெண். "நாம பாத்ததே இல்லையே."

"மணல் மூடியிருக்கும்," என்றாள் அக்பெனே. "அறுபது வருஷத்துக் காத்து."

அளவைக்காரர் மூலை முளையை அடித்துக்கொண்டிருந்தார். அது இறங்கவில்லை. மறுபடி அடித்தார். முளை முறிந்தது. முனகிக்கொண்டே மண்டியிட்டுக் கையால் மணலைத் தள்ளினார். ஒரு முழம் ஆழத்தில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. எல்லாரும் போய்ச் சுற்றி நின்றார்கள். அவர் அதைத் துடைத்துப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், எழுந்து தெற்கே பாத்தி விளிம்பு வரை எண்ணி நடந்தார்.

"நாப்பத்திரண்டு," என்றார் திரும்பி வந்து. "அந்தப் பொண்ணு படிச்சது அப்படியே சரியா இருக்கு."

அந்தப் பக்கத்தை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன முதல் அதிகாரி அவர்தான். அக்பெனே குனிந்து கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அளவைக்காரர் பையிலிருந்து சிவப்புச் சாயத்தை எடுத்துக் கல்லின் தலையில் கம்பெனியின் அடையாளத்தைப் போட்டார். தூரிகையை மணலில் துடைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு," என்றார். "ஒரு முளை மிச்சம்."